மயிலிட்டியின் காணியும் கடலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் நடுவே மயிலிட்டி இருக்கிறது. கரையோரத்தில் கடற்றொழில், சற்றுத் தெற்கே போனால் செம்பாட்டு மண்ணில் தோட்டச்செய்கை என்று இரண்டு தொழில்கள் இந்த ஊரைத் தாங்கின. 1980களின் தொடக்கம்வரை இலங்கையின் முன்னணி மீன்பிடித் துறைகளில் ஒன்றாகப் பேசப்பட்ட இவ்வூர் 1990 ஜூனில் ஆளில்லாத ஊரானது. 27 ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் காணிக் கொள்கையும் பொருளாதாரச் சரிவும் ஒன்றாகப் பேசப்படும்போது பெருந்தோட்டங்கள்தான் நினைவுக்கு வரும். சிம்பாப்வேயில் 2000ஆம் ஆண்டில் வெள்ளையரின் பண்ணைகள் விரைந்து கைப்பற்றப்பட்டன. அந்த ஆண்டு 23 கோடி கிலோவைத் தாண்டியிருந்த புகையிலை விளைச்சல் 2008இல் 5 கோடி கிலோவுக்கும் கீழே இறங்கியது. இலங்கையிலும் இதே கேள்வி மலையகத் தேயிலைத் தோட்டங்களை வைத்தே கேட்கப்படுகிறது. மயிலிட்டியில் பெருந்தோட்டம் இருந்ததில்லை. காணி உச்சவரம்புச் சட்டம் எடுத்துக்கொள்ளக்கூடிய மிகைக் காணியும் இருந்ததில்லை. ஆனாலும் சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கையில் காணியையும் வருமானத்தையும் ஒருசேர இழந்த ஊர்களில் மயிலிட்டி முன்வரிசையில் நிற்கிறது.

யாழ்ப்பாணத்துக் காணியுரிமை பழைய பதிவுகளின்மேல் நிற்பது. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தரும் காணிகளையும் உரிமையாளரையும் தோம்பு என்னும் ஏடுகளில் எழுதிவைத்தார்கள். வரி பிரிப்பதே அவர்களின் நோக்கம். ஆனால் அந்த ஏடுகள் பின்னாளில் குடிமக்களுக்கே அரணாயின. 1707இல் ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் தேசவழமை என்ற பெயரில் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரியென்றார்கள். 1795இல் வந்த பிரித்தானியர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தனர். பரம்பரைச் சொத்தான முதுசம், மணக்கொடையான சீதனம், மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டம் என்ற பிரிவுகளும், பங்காளிக்கும் உரித்தாளிக்கும் காணியை முதலில் வாங்கும் உரிமை கொடுக்கும் வழக்கமும் இதனால் நிலைபெற்றன. காணி வெளியாருக்குப் போவதை இந்த வழக்கம் தடுத்தது. பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகக் காணி போனதால் ஒவ்வொரு தலைமுறையிலும் துண்டுகள் சிறுத்தன. ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு என்பது இங்குள்ள அளவு. பெரும்பாலான குடும்பங்களின் உறுதிகள் சில பரப்புகளையே பேசின.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணிச் சட்டம் இலங்கையின் காணி வரலாற்றில் பெரிய வெட்டு. காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொள்ளலாம் என்றது அது. சில ஆண்டுகள் இடைவெளிவிட்டுப் பயிரிடும் சேனை நிலமும், தோம்பு எழுதப்படாத கண்டி மாகாணங்களில், சன்னசு என்னும் அரச கொடைப் பத்திரம் போன்ற ஆவணம் காட்டாதவரை முடிக்குரியதாகவே கருதப்பட்டது. அங்கே கோப்பித் தோட்டங்களும் பிறகு தேயிலைத் தோட்டங்களும் எழுவதற்கு இந்தச் சட்டமே வழி திறந்தது. தோம்பு இருந்த யாழ்ப்பாணத்தில் அதன் வேகம் குறைந்தது. அன்று ஓர் அந்நிய அரசின் ஏடு காத்துக்கொடுத்த காணியைச் சுதந்திர நாட்டின் வர்த்தமானி கேட்கும் காலம் பின்னால் வரவிருந்தது.

குடாநாட்டில் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிலத்தடி நீராகத் தங்குகிறது. அதைக் கிணற்றிலிருந்து இறைத்தே பயிர் செய்யவேண்டும். துலாவில் ஒருவர் ஏறி மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் வாய்க்காலில் தண்ணீர் கட்ட, அதிகாலையிலேயே இறைப்பு முடியும். இந்த உழைப்பில் விளைந்த முதன்மையான பணப்பயிர் புகையிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அதன் பெரிய சந்தை திருவிதாங்கூராக இருந்தது. அங்கே வரி கூடியதும் சுவை மாறியதும் யாழ்ப்பாணத் தோட்டக்காரரை அடித்தன. 1930களில் கூட்டுறவுச் சங்கம் வைத்து விற்பனையைக் காப்பாற்றும் நிலை வந்தது. ஒரே சந்தையை நம்பிய விவசாயத்தின் ஆபத்தை யாழ்ப்பாணம் அப்போதே அனுபவித்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 1902இல் புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1905இல் பாதை கொழும்பு வரை இணைந்தது. மயிலிட்டிக்கு இது பெரிய மாற்றம். கருவாடாக்கி விற்றுவந்த மீனை ஐஸ் போட்டுத் தென்னிலங்கைக்கு அனுப்ப வழி பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பலாலியில் பிரித்தானிய விமானப்படை ஓடுபாதை அமைத்தது. 1947 டிசம்பரில் எயர் சிலோனின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து இந்த ஓடுதளம் வழியாகச் சென்னைக்குச் சென்றது. மேற்கே காங்கேசன்துறையில் 1950இல் அரசாங்கத்தின் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான சுண்ணாம்புக் கல் சுற்றுவட்டாரக் காணிகளிலிருந்தே அகழப்பட்டது. ஒரு பக்கம் ஓடுதளம், மறுபக்கம் சீமெந்து ஆலை, வடக்கே கடல். அடுத்த நாற்பது ஆண்டுகளில் மயிலிட்டியின் செழிப்புக்குக் காரணமான இதே அமைவிடம் பிறகு அதன் அழிவுக்கும் காரணமானது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த காணிச் சீர்திருத்தங்கள் தென்னிலங்கையையும் மலையகத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புக் கொடுக்க முயன்றது. 1971 ஏப்ரல் கிளர்ச்சி கிராமத்து இளைஞரின் காணிப்பசியை வெளிச்சமிட்டுக் காட்டியது. அடுத்த ஆண்டே காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியாள் வைத்திருக்கக்கூடிய காணி 50 ஏக்கர், நெற்காணியாயின் 25 ஏக்கர் என்று அது வரம்பிட்டது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. இரண்டு கட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ பத்து இலட்சம் ஏக்கர் அரசின் கைக்கு வந்தது.

நிலமற்ற விவசாயிக்குப் போனது அதில் சிறு பகுதியே. பெரும்பகுதி அரச கூட்டுத்தாபனங்களிடம் சென்றது. 1965இல் 22 கோடி கிலோவைத் தாண்டிய தேயிலை உற்பத்தி 1980இல் 19 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. தோட்டங்கள் கைமாறிய ஆண்டுகளிலேயே உணவுப் பஞ்சமும் வந்தது. வேலையும் உணவும் இழந்த மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல வன்னியை நோக்கி நடந்தன. காணி கைமாறியபோது அதில் உழைத்தவர்களை எவரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதே அந்தச் சீர்திருத்தத்தின் பெரிய குற்றம்.

மயிலிட்டி போன்ற ஊர்களில் 50 ஏக்கர் வரம்பு எவரையும் தொடவில்லை. அதனால் இங்கே காணிச் சமத்துவம் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் தோட்டக்காணி பெரும்பாலும் சில சாதியினரின் கையில் இருந்தது. அந்தக் காணியில் கூலிக்கு உழைத்தவர்களுக்கும், வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிரிட்டவர்களுக்கும், பிறர் காணியில் குடியிருந்தவர்களுக்கும் உறுதி இருக்கவில்லை. தனியொருவரிடம் மிகைக் காணி இல்லாத ஊரில் உச்சவரம்புச் சட்டத்தால் இவர்களுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. இந்தப் பழைய குறை பின்னாளில் முகாம்களில் மீண்டும் தலைகாட்டியது.

1970இலிருந்து 1977வரை குடாநாட்டு விவசாயம் கண்ட வளர்ச்சிக்குக் காரணம் காணிச் சட்டம் அல்ல, இறக்குமதிக் கட்டுப்பாடு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெளிநாட்டிலிருந்து வருவது மட்டுப்பட்டது. யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நாடு முழுவதும் சந்தையானது. துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்திருந்தது. வெங்காயம் விற்ற காசில் கல்வீடு கட்டியவர்களும், பிள்ளைகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பியவர்களும் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர். 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் மூடியிருந்த இறக்குமதிக் கதவைத் திறந்தது. இறக்குமதிப் பண்டத்தோடு விலையில் போட்டியிடும் நிலைக்குத் தோட்டக்காரர் தள்ளப்பட்டனர். சுதந்திரத்துக்குப் பின் குடாநாடு கண்ட முதற் சரிவு இது. இதிலிருந்து மீளும் வலு அந்தச் சமூகத்திடம் இருந்தது. மீளுவதற்கான அவகாசம்தான் கிடைக்கவில்லை.

கரைப்பக்கத்தில் வளர்ச்சி இன்னும் வேகமாக நடந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து அரசாங்கம் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளைத் தவணைமுறையில் கொடுத்தது. நைலோன் வலையும் அப்போதே பரவியது. கட்டுமரத்திலும் பாய்வள்ளத்திலும் போனவர்கள் இரவுமுழுதும் ஆழ்கடலில் வலைபோட்டு விடியற்காலையில் கரை சேர்ந்தார்கள். நோர்வே உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் படகுத்தளம் படகுகளை யாழ்ப்பாணத்திலேயே கட்டியது. வாடைக்காற்றின் கொந்தளிப்பிலும் படகு ஒதுங்கக்கூடிய துறையாக மயிலிட்டி இருந்ததால் அக்கம்பக்கத்து ஊர்களின் படகுகளும் அங்கே கூடின. மீன் ஏலம் கூறுவோர், ஐஸ் உடைப்போர், பெட்டி அடிப்போர், வலை பொத்துவோர், இயந்திரம் திருத்துவோர், லொறிக்காரர், கருவாடு போடும் பெண்கள் என்று ஒரு படகுக்குப் பின்னால் பல குடும்பங்கள் பிழைத்தன. 1983இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் மீன் உற்பத்தி ஏறக்குறைய 48,000 தொன். நாட்டின் கடல்மீன் உற்பத்தியில் அது நான்கில் ஒரு பங்கு. நாட்டுக்குத் தேவையான மீனில் மூன்றில் ஒரு பங்கைத் தங்கள் துறையே கொடுத்தது என்று மயிலிட்டியார் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தக் கணக்கில் ஊர்ப்பற்றுக் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனால் வடக்கின் மீன்வரவில் மயிலிட்டிக்கு முதன்மையான இடம் இருந்ததில் ஐயமில்லை.

1983க்குப் பிறகு பாதுகாப்பைக் காரணம்காட்டிக் கடலில் தடைகள் வந்தன. இரவில் போகமுடியாது, இத்தனை தூரத்துக்கு மேல் போகமுடியாது, இத்தனை குதிரைவலுவுக்கு மேல் இயந்திரம் வைக்கக்கூடாது என்று கட்டுப்பாடுகள் அடுக்கடுக்காக வந்தன. 1990 ஜூன் நடுப்பகுதியில், இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கிய சில நாட்களில், பலாலி இராணுவத் தளத்தைச் சுற்றிய வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் வெளியேறினர். மயிலிட்டி, தையிட்டி, ஊறணி, பலாலி, வசாவிளான், கட்டுவன், காங்கேசன்துறை எல்லாம் வெறுமையாயின. சீமெந்து ஆலை நின்றது. புகைவண்டியும் நின்றது. சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று நம்பி மாடுகளை அவிழ்த்துவிட்டும் படகுகளைக் கரையில் இழுத்துவைத்தும் புறப்பட்டவர்கள் பலர்.

மல்லாகம், கோணப்புலம், சுன்னாகம் முதலிய இடங்களில் நலன்புரி நிலையங்கள் எழுந்தன. கடற்றொழிலாளர் வடமராட்சிக் கரைக்குப் போனார்கள். அங்கே கரை ஏற்கெனவே வேறு ஊராரின் பாடு. விருந்தாளியாகச் சில மாதம் இருக்கலாம். இருபது ஆண்டுகள் தொழில் செய்வது எளிதல்ல. படகு வைத்திருந்தவர் மற்றவர் படகில் கூலிக்குப் போனார். வீட்டுத் தோட்டம் வைத்திருந்தவர் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றார். வசதியுள்ளவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போயினர். மாவட்டத்தின் மீன் உற்பத்தி போர்க்காலத்தில் சில ஆயிரம் தொன்னுக்குச் சுருங்கியது.

ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. அதை எதிர்த்து 2003இல் நாடாளுமன்ற உறுப்பினர் மாவை சேனாதிராசா உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடர்ந்தார். 2009இல் போர் முடிந்தது. வலயத்துக்குச் சட்ட ஆதாரமாகக் காட்டப்பட்ட அவசரகால நிலை 2011 ஆகஸ்டில் நீங்கியது. வேலி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே இராணுவப் பண்ணைகளில் மரக்கறி விளைந்து யாழ்ப்பாணச் சந்தைக்கு வந்தது. காங்கேசன்துறைக் கரையில் தல்செவன என்ற விடுதியை இராணுவம் நடத்தியது. காணிக்காரர் கண்முன்னே அவர்களின் மண் இன்னொருவரின் வருமானமானது.

2013 ஏப்ரலில் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தல் சட்டத்தின் 2ஆம் பிரிவின்கீழ் அறிவித்தல் ஒட்டப்பட்டது. வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கரை இராணுவத் தலைமையகத்துக்காக எடுக்கப்போவதாக அது சொன்னது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாததால் அறிவித்தலை மரங்களிலும் சுவர்களிலும் ஒட்டவேண்டியிருந்தது என்று விளக்கம் சொல்லப்பட்டது. அந்த உரிமையாளர்கள் சில கிலோமீற்றர் தெற்கே, அரசாங்கமே பதிவு செய்திருந்த முகாம்களில் இருந்தார்கள். 2,000க்கும் மேற்பட்டோர் உறுதிகளோடு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில சில பரப்புகளுக்கு அவர்கள் காட்டிய காகிதங்கள்தாம் அந்தக் காணி ஆளில்லாதது அல்ல என்பதற்குச் சான்றாயின.

2015இல் ஆட்சி மாறிய பிறகு காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. ஆட்சி மாற்றத்துக்குச் சற்று முன், அந்த ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில், புகைவண்டி மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்திருந்தது. 2017 ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. 2018 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் மேலும் 683 ஏக்கர் விடுவிக்கப்பட்டது.

திரும்பி வந்தவர்கள் கண்டது ஊரின் எலும்புக்கூடு. வீடுகளின் கூரையும் கதவும் இல்லை. பல இடங்களில் வீடே இல்லை. வேலிகளும் ஒழுங்கைகளும் அழிந்து, கிணறுகள் மூடுண்டு, எல்லைக்கற்கள் மறைந்திருந்தன. எந்தப் பரப்பு எவருடையது என்று காட்ட முதியவர்களைக் கூட்டிவரவேண்டியிருந்தது. உறுதிகள் தொலைந்தவர்கள், உரிமையாளர் இறந்து பிள்ளைகள் நான்கு நாடுகளில் இருப்பவர்கள், பங்கு பிரிக்காத முதுசக் காணியைக் கொண்டவர்கள் எல்லோரும் நில அளவையாளரையும் நொத்தாரிசையும் தேடினர். போரால் தம் காணியை அனுபவிக்க முடியாமற்போனவர்களைப் பாதுகாக்க, அந்த ஆண்டுகளை, பிறர் காணியை நீண்டகாலம் வைத்திருந்து உரிமை பெறும் எதிரிடை ஆட்சிக் காலத்தில் சேர்க்காமல் விடும் சட்டம் 2016இல் வந்தது. தனியார் ஆக்கிரமிப்புக்கு எதிராக அது உதவும்.

காணியே இல்லாத குடும்பங்களின் நிலை வேறு. ஊர் விடுபட்டாலும் அவர்களுக்குத் திரும்ப இடமில்லை. முகாமில் கடைசிவரை இருந்தவர்களில் இவர்களே அதிகம். 2016இல் கீரிமலையில் நல்லிணக்கபுரம் என்ற வீடமைப்புத் திட்டம் இவர்களில் ஒரு பகுதியினருக்காக எழுந்தது. 1972இல் எட்டாத சீர்திருத்தத்தின் ஒரு துளி இப்படி வந்து சேர்ந்தது.

துறைமுகத்தின் புனரமைப்புக்கு 2018இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2019இல் முதற்கட்டம் திறக்கப்பட்டது. மூன்றாம் கட்டம் 2025 செப்டெம்பரில் தொடங்கியது. ஆனால் பெரிய துறைக்கு ஏற்ற பெரிய படகுகள் மயிலிட்டியாரிடம் மிஞ்சவில்லை. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு கண்ணாடியிழைப் படகுகளே பெரும்பாலானோரின் கைமுதல். தென்னிலங்கையின் பலநாட் படகுகள் துறையைப் பயன்படுத்துகின்றன. எல்லை தாண்டிப் பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப் படகுகளும் அங்கேயே கட்டப்பட்டுத் துருப்பிடிக்கின்றன. கடலடியைச் சுரண்டும் இழுவைத் தொழிலை இலங்கை 2017 ஜூலையில் சட்டத்தால் தடை செய்தது. மயிலிட்டித் துறை திறந்த அதே மாதம். அக்கரை இழுவைப் படகுகள் இன்றும் வருகின்றன. திரும்பி வந்த மீனவர் கையில் புதுக் கடனில் வாங்கிய வலை. அது ஒரே இரவில் அறுந்துபோவதும் நடக்கிறது.

காணிமேல் அரசின் கண் இன்னும் அகலவில்லை. 2025 மார்ச் 28இல் வெளிவந்த வர்த்தமானி, 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. அதில் 3,600 ஏக்கருக்கு மேல் யாழ்ப்பாண மாவட்டத்தில். உறுதி எரிந்தவரும் நாட்டைவிட்டுப் போனவரும் மூன்று மாதத்தில் எப்படி உரிமை கோருவார்கள் என்ற கேள்வி எழுந்தது. ஜூன் 27இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது. குடியேற்ற ஆட்சியின் கடைசிக் காலத்துக் கருவி ஒன்று தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் கழித்தும் இப்படிக் கையிலெடுக்கப்பட்டது.

சிம்பாப்வே அரசு 2020இல் வெள்ளைப் பண்ணையாளருக்கு 350 கோடி டொலர் நட்டஈடு கொடுக்க உடன்பட்டது. அந்தப் பணம் முழுதாகக் கிடைத்ததா என்பது வேறு விடயம். காணிக்கு அல்லாவிட்டாலும், அதில் செய்திருந்த மேம்பாடுகளுக்காவது கணக்கு உண்டு என்று ஒரு நாடு எழுத்தில் ஏற்றுக்கொண்டது. சில பரப்புத் தோட்டமும் ஒரு படகும் வைத்திருந்த மயிலிட்டிக் குடும்பத்துக்கு, 27 ஆண்டு விளையாத வெங்காயத்துக்கும் பிடிக்காத மீனுக்கும் உரிய கணக்கு எழுதப்படவேண்டும். இலங்கையின் காணிச் சீர்திருத்தம் மலையகத்தில் தவறியதை ஆராய எத்தனையோ நூல்கள் உண்டு. காணி மூடப்பட்டதால் ஒரு வட்டாரமே வறுமைப்பட்டதற்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. வசாவிளான் வழியாகப் பலாலிக்குப் போகும் வீதி 35 ஆண்டுகளுக்குப் பின் 2025 ஏப்ரலில் கட்டுப்பாடுகளோடு திறந்துவிடப்பட்டது. வலிகாமம் வடக்கில் 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட தனியார் காணி இன்னும் வேலிக்கு உள்ளேயே இருக்கிறது. அதன் உறுதிகள் வேலிக்கு வெளியே, காணிக்காரரின் வீடுகளில் இருக்கின்றன.